துரைசானி சொன்ன வழி

எங்கள் காரில் இரண்டு பேர் ஓயாமல் பேசுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் காரில் ஏறினால் பேசுவதே கிடையாது. பேசினால் சண்டை வரும்; சண்டை வந்தால் எனக்குக் கியர் விழாது. நான் சொல்வது வேறு இரண்டு பேரை. ஒருத்தி காரோடு கூடப் பிறந்தவள். ஸ்டியரிங் பக்கத்தில் பதித்திருக்கும் திரைக்குள் குடியிருக்கிறாள். இன்னொருத்தி என் செல்போனில் இருப்பவள். இருவருக்கும் தொழில் ஒன்றேதான்: வழி சொல்வது.

முதலாமவள் பேசுவது இங்கிலீஷ். அதுவும் சீமையில் பிறந்து வளர்ந்த தோரணையில். 'நங்கநல்லூர்' என்ற பெயர் அவள் வாயில் படுகிற பாட்டைக் கேட்டால், எங்கள் பேட்டை ஆஞ்சநேயரே கோவிலை விட்டு வெளியே வந்து எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுப்பார். ஆகையால் நான் அவளுக்குத் துரைசானி என்று பெயர் வைத்தேன். இரண்டாமவள் தமிழில் பேசுகிறாள். புஸ்தகத் தமிழ்தான், இருந்தாலும் தாய்மொழி அல்லவா? 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்று அவள் சொல்லும்போது, வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாளே பின் ஸீட்டில் உட்கார்ந்து வருகிற மாதிரி எனக்கு ஒரு தைரியம்.

என் வீட்டுக்காரர் துரைசானி கட்சி. ஏன் என்று கேட்கிறீர்களா? பணம் கொடுத்தவர் அவர். 2017-ல் கார் வாங்கும்போது, 'இந்தத் திரை உள்ள மாடல்தான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். திரைக்காக மட்டும் கூடுதலாக எத்தனை ஆயிரம் அழுதார் என்பதை என்னிடம் அவர் சொல்லவில்லை. பாங்கிப் புஸ்தகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். உங்களிடம் சொல்லமாட்டேன்; அவருக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

நான் போன் கட்சி. போன் எப்படியும் கையில் இருக்கிறது, வரைபடம் இனாம். இனாமாக வருவதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கினதை வைத்துக்கொண்டு வழி தவறுவானேன்?

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்தைந்தாவது வயதில். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ராத்திரி எதிரே வண்டி வந்தால் விளக்கைச் சுற்றி நாலு விளக்குத் தெரிகிறது என்றார். ஒரு நாள் மடிப்பாக்கம் கூட்டு ரோட்டில் இல்லாத ஒரு லாரிக்கு வழி விட்டு ஓரமாக நிறுத்தினார். மறுநாளே நான் டிரைவிங் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டேன். கற்றுக்கொடுத்த பையனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. 'அம்மா, பிரேக்கை மிதியுங்கள், வேண்டிக்கொள்ளாதீர்கள்' என்பான். லைசென்ஸ் வந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் வரவே இல்லை: ரிவர்ஸ். பின்னால் போகச் சொன்னால் எனக்கு இடது எது, வலது எது என்பதே மறந்துபோகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

கட்சிச் சண்டைக்கு வருகிறேன். 'உன் போனுக்கு டவர் வேண்டும். டவர் போனால் படம் போச்சு. என்னுடையது நேரே ஆகாயத்தோடு பேசும்' என்று அவர் பெருமை அடித்துக்கொள்வார். நானும் வெகு நாள் அதை நம்பினேன். பிறகு எங்கள் மாப்பிள்ளை, இஞ்சினீயர், உட்கார வைத்து விளக்கினார். இரண்டு பேருக்கும் சேதி வருவது ஒரே இடத்திலிருந்துதானாம். அமெரிக்கர்கள் வானத்தில் 24-க்குக் குறையாமல் செயற்கைக் கோள்களைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து 20,200 கிலோமீட்டர் உயரம். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். 'நான் இன்ன கோள், இப்போது மணி இன்னது' என்று அவை இடைவிடாமல் கூவிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கூவல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கணக்குப் பார்த்து, கீழே இருக்கிற பெட்டி தன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறது. நாலு கோள்களின் குரல் கேட்டால் போதும்: மூன்று இடத்துக்கு, ஒன்று தன் சொந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள. நாம் காரில் போகிறோமா கட்டை வண்டியில் போகிறோமா என்று மேலே இருப்பவைகளுக்குத் தெரியவே தெரியாது. அவை சொல்லுமே தவிரக் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று. அந்த உயரத்தில் கடிகாரங்கள் நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகின்றனவாம். ஐன்ஸ்டைன் கணக்கு. இத்தனூண்டு வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் தப்பு வந்துவிடும். நங்கநல்லூரில் நிற்கிறவளைத் தாம்பரத்தில் நிற்பதாகச் சொல்லும். 2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுஜனங்களுக்கு வருகிற சேதியை வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கலாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மாதம் நிறுத்திய பிறகு தெருவுக்குத் தெரு வழி சொல்வது எளிதாயிற்று. நம் தேசமும் 2013-லிருந்து சொந்தமாகக் கோள்களை ஏற்றியிருக்கிறது. 'நாவிக்' என்று பெயர்.

ஆக, இருப்பிடம் அறிய போனுக்கும் டவர் தேவையில்லை. படம் வருவதற்கும், 'முன்னால் நெரிசல்' என்று சொல்வதற்கும்தான் தேவை. அந்த நெரிசல் சமாசாரம் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம்மிடமிருந்துதான். ரோட்டில் போகிற ஆயிரம் பேருடைய போன்கள் நகர்கிற வேகத்தைப் பார்த்து, ஊர்ந்தால் சிவப்பு, ஓடினால் நீலம் என்று கோடு போடுகிறார்கள்.

ஆனால் துரைசானிக்கும் சில சாமர்த்தியங்கள் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கூரைமேல் அவளுக்குத் தனிக் கம்பி இருக்கிறது. அதனால் வான்கோள்களின் குரல் தெளிவாகக் கேட்கிறது. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றிற்று, வண்டி எந்தப் பக்கம் திரும்பிற்று என்றும் எண்ணிக்கொண்டே வருவாள். பாலத்தடியிலும் சுரங்கப் பாதையிலும் என் போன்காரி திக்குமுக்காடி நிற்கும்போது, இவள் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற பாட்டி மாதிரி சரியாகப் போய்விடுவாள். அது மட்டுமில்லை. 1981-ல் ஜப்பானில் ஹோண்டாக்காரர்கள் காரில் முதல் முதலாக இப்படி ஒன்றை வைத்தபோது, வான்கோள் உதவியே கிடையாது. ஹீலியம் வாயுவால் இயங்குகிற ஒரு சுழல் கருவியையும் சக்கரத்தையும் நம்பித்தான். படம் கண்ணாடித் தாளில் அச்சடித்தது. ஊர் எல்லை தாண்டினால், அந்தத் தாளை உருவி அடுத்த தாளைக் கையால் சொருக வேண்டும். பின் ஸீட்டில் நம்மை மாதிரி ஒருத்தி தாள் கட்டோடு உட்கார்ந்திருந்திருப்பாள், பாவம்.

துரைசானியின் குறை ஒன்றே ஒன்று. அவளுக்கு வயது ஏறவே ஏறாது, 2017-லேயே நின்றுவிட்டாள். அவள் படத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் சர்வீஸுக்குக் கொண்டுபோய்த் தனிப் பணம் கட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் செய்யவில்லை. 'ரோடு எங்கே ஓடிப் போகிறது?' என்பார். மேடவாக்கத்தில் 2022-ல் திறந்த பெரிய மேம்பாலத்தின்மேல் நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம். அவளுக்குப் பாலம் இருப்பதே தெரியாது. 'சந்திப்பில் வலப்பக்கம் திரும்பு' என்று அதட்டுவாள். திரும்பினால் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போக வேண்டியதுதான். அவள் படத்தை வரைந்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. படம் வரைந்தவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. புதுப்பிக்காதவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் 2024 அக்டோபர் மாதம் வந்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் மறந்திருக்காது. பெருமழை என்று எச்சரிக்கை கொடுத்ததும், வெள்ளத்துக்குப் பயந்து ஜனங்கள் கார்களை எல்லாம் வேளச்சேரிப் பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்களே, அதே வாரம். எங்கள் வீட்டிலும், 'நாமும் கொண்டுபோய் நிறுத்தலாம்' என்று யோசனை பிறந்தது. அவருக்கு இரண்டு நாளைக்கு முன்தான் ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கண்ணுக்கு மூடி போட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தபடியே உத்தரவு போட்டார். நான் முடியாது என்றேன். பாலத்தில் நிறுத்திவிட்டால் திரும்ப ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்குமே என்பதுதான் உண்மையான காரணம். நல்லவேளை!

எங்கள் பெண் பெரும்பாக்கத்துக்கு அப்பால் புதிதாகக் கட்டின குடியிருப்பு ஒன்றில் இருக்கிறாள். தலைப்பிரசவம். நாள் கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் பாக்கி. புரட்டாசி முடியட்டும், ஐப்பசி பிறந்ததும் நம் வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாம் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாகப் புனாவில் இருந்தார். 15-ம் தேதி ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது.

'அம்மா, பயப்படாதே. தண்ணீர் உடைந்துவிட்ட மாதிரி இருக்கிறது.'

பயப்படாதே என்று அவள் எனக்குச் சொல்கிறாள்! வாடகைக் காருக்கு மூன்று முறை சொல்லி, மழையைக் காரணம் காட்டி மூன்று பேரும் ரத்து செய்துவிட்டார்களாம். ஆம்புலன்ஸுக்குச் சொல் என்றேன். 'வலி இன்னும் வரவில்லை. நீ வா அம்மா' என்றாள். தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறவள் 'நீ வா அம்மா' என்று சொன்ன பிறகு எந்தத் தாய் நியாயம் பேசிக்கொண்டிருப்பாள்? அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் புடைவைகூட மாற்றாமல் சாவியை எடுத்தேன். இவர் எழுந்து கூடவே வந்தார். 'ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்றேன். 'துரைசானிக்குத் துணை' என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்கு நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். எல்லாம் பகலில், மாப்பிள்ளை ஓட்ட. ராத்திரியில், மழையில், நானாக ஓட்டிக்கொண்டு எங்குமே போனதில்லை. மேடவாக்கம் மெயின் ரோடு நெடுக மெட்ரோ ரயில் வேலை. நேற்றுத் திறந்திருந்த வழி இன்று இரும்புத் தகடு வைத்து அடைத்திருக்கும். போனைத் தாங்கியில் மாட்டித் தமிழ்ப் பெண்ணை எழுப்பினேன். மெயின் ரோடு முழுக்கச் சிவப்பாகக் காட்டிவிட்டு, மடிப்பாக்கத்து உள்தெருக்கள் வழியாக ஒரு நீலக் கோடு போட்டாள். எட்டு நிமிஷம் மிச்சம் என்றாள். அந்த நேரத்தில் எட்டு நிமிஷம் என்றால் எனக்கு எட்டு லட்சம் ரூபாய். திருப்பினேன்.

'மெயின் ரோட்டிலேயே போ' என்றாள் துரைசானி. 'அவள் சொல்வதைக் கேள்' என்றார் இவர். நான் கேட்கவில்லை.

முதல் தெரு சரி. இரண்டாவது தெருவில் விளக்கு இல்லை. மூன்றாவது தெருவில் ரோடே இல்லை, தண்ணீர்தான். எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? போனில் நீலக் கோடு தண்ணீருக்கு நடுவே நேராக, அழகாகப் போகிறது. நெரிசல் இல்லைதான். எப்படி இருக்கும்? அந்தத் தெருவில் ஒரு வண்டியும் போகவில்லையே! ஒரு போனும் ஊராத தெருவில் சிவப்புக் கோடு எங்கிருந்து வரும்? இது எனக்கு அப்போது தோன்றவில்லை. எதிரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையாண்டான் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

'உள்ளே போகாதீங்கம்மா! முன்னால ரெண்டு வண்டி நின்னுபோச்சு. அப்படியே ரிவர்ஸ் எடுங்க!'

ரிவர்ஸ்! இரண்டு பக்கமும் நிறுத்தின கார்கள். நடுவில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு தாம்பாள அகலம். பின் கண்ணாடியில் மழைத் தண்ணீர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய்விட்டேன். அதே நேரம் பெண் கூப்பிட்டாள். திரையிலிருந்த படம் மறைந்து அவள் பெயர் வந்தது. 'எங்கே அம்மா வந்துகொண்டிருக்கிறாய்?' 'வந்துவிட்டேன் கண்ணே' என்றேன். பொய் சொன்னதற்கு வெட்கப்படவில்லை.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கையால் குடையைக் கண்ணுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காரின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி, அந்தப் பையனோடு சேர்ந்து, 'வா... வா... ஒடி... போதும்... நேராக விடு' என்று கத்தினார். ராத்திரி வேளையில், ஒற்றைக் கண்ணோடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் நான் கேட்டது அந்தத் தெருவில்தான். எவ்வளவு தூரம் பின்னால் வந்தேனோ தெரியாது. ஒரே ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியைத்தான் முறித்தேன். அதன் சொந்தக்காரர் மறுநாள் பணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தப் பையன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது போனைப் பார்த்தேன். நூற்றுக்குப் பதினொன்று சார்ஜ். வயர் எங்கே? படுக்கையறையில், சுவரில். இப்போது யோசனை செய்யுங்கள்: படம் ஓடினால் இன்னும் கால் மணியில் போன் செத்துவிடும், செத்துவிட்டால் பெண்ணின் குரல் போய்விடும். எனக்கு வழி முக்கியமா, குரல் முக்கியமா? தமிழ்ப் பெண்ணை நிறுத்தினேன்.

அப்புறம் துரைசானிதான். நெரிசல் உண்டா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கவலைப்படவும் இல்லை. 'நேரே போ' என்றாள். போனேன். ஊர்ந்துதான் போனேன், பஸ் ஒன்றின் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அது போன பள்ளத்தில் நானும் இறங்கி, அது ஏறின மேட்டில் நானும் ஏறி, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம். ஒரு தடவைகூட அவள் குரலில் பதற்றம் இல்லை. போன் அடித்தபோதும் அவள் படம் மறையவில்லை. இவர் வாயைத் திறக்கவில்லை. 'நான் சொன்னேனே' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவருக்கு ஒரு நமஸ்காரம்.

பெரும்பாக்கம் தாண்டியதும் துரைசானிக்கு உலகம் முடிந்துபோயிற்று. திரையில் ரோடு இல்லை, தெரு இல்லை. வெறும் பச்சை நிறம், நடுவே ஓர் அம்புக்குறி. 2017-ல் அங்கே புல்தான் இருந்திருக்க வேண்டும். மறுபடியும் போனை எழுப்பினேன், ஏழு சதவிகிதம். அவள் கூட்டிக்கொண்டு போய், 'சேருமிடம் வலதுபுறம் உள்ளது' என்றாள். இருந்தது, பின்பக்க மதில் சுவர்! கதவு மறுபக்கம். ஹாரன் அடித்த அடியில் காவல்காரர் டார்ச் விளக்கோடு ஓடிவந்து, சுற்றிக்கொண்டு வரும்படி கையைக் காட்டினார்.

பெண் அடுத்த வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பள்ளிக்கூடத்தில் கடைசியாக அழைத்துப்போகக் காத்திருக்கிற குழந்தை மாதிரி, பையும் கையுமாக. வேளச்சேரிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அது பழைய கட்டடம், துரைசானிக்கு நன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கரணை தாண்டும்போது வலி ஆரம்பித்தது. பின்னால் இவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, நான் பிறந்த ஊர் எது, அவர் பெண் பார்க்க வந்தபோது எந்தப் பஸ்ஸைத் தவறவிட்டார் என்றெல்லாம் என்னவோ பேசிக்கொண்டு வந்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். பன்னிரண்டே காலுக்கு ஸ்டிரெச்சர் வந்தது. மூன்று மணி நாற்பது நிமிஷத்துக்குப் பெண் குழந்தை. நர்ஸ் வந்து சொன்னபோதுதான் காலில் ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று அவருடையது என்று கவனித்தேன்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை சொன்னார்: 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் நம் தேசத்தையே அளந்து படம் போட ஆரம்பித்தாரே, அதற்கு முதல் கோடு போட்டது எங்கே தெரியுமா? வடக்கு முனை எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற பரங்கிமலை. தெற்கு முனை பெரும்பாக்கம் குன்று. ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, 57 நாள் அளந்தாராம். கிட்டத்தட்ட அதே தூரத்தை நான் அன்று ஒரு மணி இருபது நிமிஷத்தில் கடந்தேன். எனக்கு 57 நாள் போலத்தான் இருந்தது.

அந்த விஷயம் நடந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தேன். வழிகாட்டிப் படத்தை நம்பிப் போன கார், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டுபோன பாலத்தின்மேல் ஏறி, ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் சமையல் செய்ய முடியவில்லை. லுங்கி கட்டின அந்தப் பையன் வராமலிருந்தால்?

கார் வாங்கப்போகிற சகோதரிகள் என்னைக் கேட்கிறார்கள்: 'திரையும் படமும் சேர்ந்த மாடலுக்கு அதிகப் பணம் கொடுக்கலாமா?' என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற கார்களில் போனில் இருக்கிற படத்தையே கார்த் திரையில் பெரிதாகக் காட்டுகிற வசதி இருக்கிறது. ஆப்பிள் போன்காரர்கள் 2014-லும் மற்றவர்கள் அடுத்த வருஷத்திலும் இதைக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் புதுக் காரில் அப்படித்தான். படம் புதிது, திரை பெரிது, போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே வரும். திரைக்குப் பணம் கொடுங்கள். உள்ளே இருக்கிற படத்துக்காகத் தனியாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்தே தீருவேன் என்று வீட்டுக்காரர் அடம் பிடித்தால், புதுப்பிக்க எத்தனை வருஷத்துக்கு இனாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துரைசானி உங்கள் வீட்டில் இருந்தால் அவளைத் துரத்திவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அவளுக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது.

போனில் போகிறவர்கள் வீட்டில் இருக்கும்போதே நம் ஊர்ப் படத்தை இறக்கி வைத்துக்கொண்டால், டவர் இல்லாத இடத்திலும் கோடு மறையாது. சேருமிடத்தைக் கிளம்புமுன் எழுதிவிடுங்கள், ஓட்டும்போது எழுதாதீர்கள். 2020 அக்டோபரிலிருந்து சட்டமும் அதைத்தான் சொல்கிறது: ஓட்டுகிறவர் போனை வழி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் கவனம் கெடாத விதத்தில். மழைக்காலத்தில் எட்டு நிமிஷம் மிச்சம் என்று எவள் சொன்னாலும், தமிழிலேயே சொன்னாலும், பஸ் போகிற ரோட்டை விடாதீர்கள்.

அவருக்கு மறு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. பார்வை நன்றாக இருக்கிறது. 'இனிமேல் நானே ஓட்டுகிறேன்' என்றார். சாவியை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் காரை சர்வீஸுக்குக் கொண்டுபோய்ப் புதுப் படம் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எவ்வளவு என்று கேட்டேன். 'சொற்பம்' என்றார். பாங்கிப் புஸ்தகம் வரட்டும்.

பேத்தியைப் பார்க்கக் கிளம்பினோம். திரையைப் பெரிதாக்கிப் பெரும்பாக்கத்துக்கு அப்பால் தேடினார். பச்சை நிறம் போய்விட்டிருந்தது. தெரு வந்திருந்தது, பெண் வீட்டுக் குடியிருப்புப் பெயரோடு. 'பார்த்தாயா?' என்றார். துரைசானி அந்தப் பெயரை உச்சரித்தாள். எங்களுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. இருவரும் சிரித்தோம். பையில் சார்ஜர் வயர் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, நான் ரிவர்ஸ் எடுத்தேன்.